இன்னொருவர் வகுப்பில் ஒரு முழுப் பள்ளியாண்டு: அமெரிக்காவின் ஆசிரியர் ரெசிடென்சி எப்படி இயங்குகிறது

அமெரிக்காவில் ஆசிரியராவதற்கு நெடுங்காலமாக இரண்டு வழிகள்தான் பரவலாக இருந்தன. முதலாவது கல்லூரி வழி. மூன்றரை ஆண்டுகள் பாடங்கள், குழந்தை உளவியல், கற்பித்தல் முறைகள் என்று படித்துவிட்டு, கடைசிப் பருவத்தில் 10 முதல் 15 வாரங்கள் வரை ஒரு பள்ளிக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். இரண்டாவது குறுக்கு வழி. 1990இல் முதல் அணியை அனுப்பிய டீச் ஃபார் அமெரிக்கா போன்ற அமைப்புகள், பட்டம் முடித்தவர்களுக்குக் கோடையில் சில வாரங்கள் பயிற்சி கொடுத்துவிட்டு, பள்ளி திறந்ததும் ஒரு வகுப்பின் முழுப் பொறுப்பையும் அவர்கள் கையில் கொடுத்துவிடும். உரிமத்துக்கான படிப்பை வேலை பார்த்துக்கொண்டே முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் கடந்த இருபது ஆண்டுகளாக வளர்ந்து வந்திருப்பது ரெசிடென்சி. பள்ளி திறக்கும் நாளிலிருந்து மூடும் நாள் வரை, அனுபவமுள்ள ஒரே ஆசிரியரின் வகுப்பில், அவர் கூடவே இருந்து கற்பிக்கப் பழகும் முறை இது. வாரத்தில் நான்கு நாட்கள் பள்ளி, மீதி ஒரு நாளும் சில மாலைகளும் பல்கலைக்கழகப் படிப்பு என்பது பல திட்டங்களில் உள்ள ஏற்பாடு. ஆண்டு முடிவில் ஆசிரியர் உரிமம் கிடைக்கும், பெரும்பாலும் முதுகலைப் பட்டமும் சேர்ந்தே கிடைக்கும். பயிற்சிக் காலத்தில் ஓர் உதவித்தொகை உண்டு. அதற்குப் பதிலாக, படித்து முடித்ததும் அதே பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்பு) குறைந்தது மூன்று ஆண்டுகளாவது வேலை செய்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவில் விட்டுப் போனால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

ஒரு முழு ஆண்டு எதற்கு? நிறையப் பழகினால் நன்றாக வரும் என்பது மட்டும் பதிலல்ல. பள்ளியாண்டின் வெவ்வேறு மாதங்கள் வெவ்வேறு வேலையைக் கேட்கின்றன என்பதுதான் முக்கியமான காரணம். வழக்கமான கல்லூரி வழியில் பலர் ஜனவரியில்தான் வகுப்புக்குள் நுழைகிறார்கள். அதற்குள் அந்த வகுப்பு ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கும். எப்போது பேசலாம், எப்படி வரிசையில் நிற்க வேண்டும், சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும், வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்ட பிள்ளை அடுத்து எதை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆசிரியர் கையைத் தூக்கினால் வகுப்பு அமைதியாகிவிடும். புதிதாக வந்தவருக்கு அது இயல்பாகவே அப்படி இருக்கும் வகுப்பு என்று தோன்றும். அந்த அமைதியைக் கொண்டுவர ஆகஸ்ட், செப்டம்பரில் எத்தனை முறை ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது, எந்த விதியை நடுவில் மாற்ற வேண்டிவந்தது, எந்தப் பிள்ளையின் வீட்டுக்கு முதல் வாரத்திலேயே போன் செய்தார்கள் என்பது எதையும் அவர் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்த ஆண்டு அவருக்கென்று ஒரு வகுப்பு வரும்போது, அவர் பார்த்தேயிராத அந்த முதல் ஆறு வாரங்கள்தான் முதலில் வந்து நிற்கும். புதிய ஆசிரியர்கள் முதல் ஆண்டில் திணறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் பயிற்சியின் அமைப்பிலேயே இப்படி ஓர் ஓட்டை இருப்பதை அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. சரிசெய்யக்கூடிய ஓட்டை இது. நவம்பரில் பிள்ளைகளின் உற்சாகம் தேய்வதையும், நீண்ட விடுமுறைக்குப் பிறகு கற்றது பாதி மறந்து வருவதையும், வசந்தகாலத்து மாநிலத் தேர்வு நெருங்கும்போது பள்ளி முழுவதும் ஏறும் இறுக்கத்தையும் ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு, அடுத்த ஆண்டின் காலண்டர் புதிராக இருக்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் சொன்னது இன்றும் பொருந்துகிறது. ஆசிரியர் வேலைக்கு வருகிற எல்லோரும் அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். மாணவராக உட்கார்ந்து பார்த்தது அது. அங்கிருந்து பார்த்தால் ஆசிரியர் பேசுவது தெரியும், திட்டுவது தெரியும், மதிப்பெண் போடுவது தெரியும். ஒரு கேள்வியை ஏன் அந்தப் பிள்ளையிடம் கேட்டார், ஏன் மூன்றாவது கணக்கை விட்டுவிட்டு ஐந்தாவதுக்குப் போனார் என்பது தெரியாது. அந்த முடிவுகள் ஆசிரியரின் தலைக்குள் நடப்பவை. அவற்றை யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் கற்றுக்கொள்ள முடியும். ரெசிடென்சியின் பயன் பெருமளவுக்கு இந்த வாய்விட்டுச் சொல்வதில்தான் இருக்கிறது.

ஓர் ஆண்டு எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம். பிள்ளைகள் வருவதற்கு முன்பே பயிற்சி ஆசிரியர், அதாவது ரெசிடென்சியில் சேர்ந்து பழகுகிறவர், வந்துவிடுவார். மேசைகளை எப்படிப் போடுவது என்பதிலிருந்து வேலை தொடங்கும். முதல் வாரங்களில் அவர் கவனிப்பார். ஆனால் சும்மா கவனிப்பதில்லை. இன்றைக்கு யார் யார் பேசினார்கள், யார் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை என்று குறித்துக்கொள்வது போன்ற குறிப்பான வேலை ஒன்று கையில் இருக்கும். அப்புறம் ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுவுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுப்பார். பிறகு பாடத்தின் தொடக்கப் பத்து நிமிடங்கள், பிறகு ஒரு முழுப் பாடம், பிறகு ஒரு முழு அலகு. குளிர்காலத்துக்குள் ஒரு பாடவேளை முழுவதும் அவருடையதாகிவிடும். வசந்தகாலத்தில் சில வாரங்கள் வகுப்பை அவரே முழுதாக நடத்துவார். வழிகாட்டி ஆசிரியர், அதாவது அந்த வகுப்பின் அனுபவமுள்ள ஆசிரியர், அப்போது பின்னால் உட்கார்ந்திருப்பார், அல்லது உதவியாளராக மாறிவிடுவார்.

இடைப்பட்ட மாதங்களில் இருவரும் சேர்ந்தே கற்பிப்பதுதான் வழக்கம். ஒருவர் நடத்த மற்றவர் மேசைக்கு மேசை போவார். சில நாட்களில் வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரே பாடத்தை இருவரும் தனித்தனியே நடத்துவார்கள். இதில் மாணவருக்கும் நேரடி லாபம் உண்டு. இருபத்தைந்து பேர் உள்ள வகுப்பில் ஒருவருக்குப் பதில் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள்.

வகுப்பு முடிந்தபின் இருவரும் உட்கார்ந்து பேசும் அரைமணி நேரத்தில்தான் பயிற்சியின் கனமான பகுதி நடக்கிறது என்று நினைக்கிறேன். ஓர் எடுத்துக்காட்டு. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள். உடனே வேறொருவரைக் கேட்கிறார்கள், அல்லது பதிலைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மூன்று விநாடி காத்திருந்தால் பதில்கள் நீளமாகின்றன, பதில் சொல்லாமல் போகிறவர்கள் குறைகிறார்கள். கல்லூரியில் இதைப் படித்து, தேர்வில் எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். அதே ஆள் வகுப்பில் நிற்கும்போது மூன்று விநாடி மௌனம் தாங்க முடியாத நீளமாக இருக்கும். காத்திருக்கவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. பின்னால் இருந்து பார்த்த ஒருவர், “அந்தப் பொண்ணு பதிலை யோசிச்சுக்கிட்டிருந்தா, நீங்க அதுக்குள்ள அடுத்த ஆளைக் கேட்டுட்டீங்க” என்று அன்றைக்கே சொன்னால்தான் தெரியும். நாளைக்கு மறுபடி முயன்று பார்க்கவும் அதே வகுப்பு இருக்கும். இந்தச் சுழற்சி ஓர் ஆண்டில் நூற்றுக்கணக்கான முறை நடக்க முடியும்.

பல்கலைக்கழகப் பாடங்களும் இதையொட்டியே அமைய வேண்டும். நல்ல திட்டங்களில் அப்படித்தான் இருக்கிறது. பின்னங்களைச் சொல்லிக்கொடுப்பது பற்றிப் படிக்கிற வாரத்தில், தன் வகுப்பிலேயே மூன்று பிள்ளைகளை உட்காரவைத்து, அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்வார்கள். பாடக்குறிப்பு எழுதினால், அது வியாழக்கிழமை நிஜமாகவே நடக்கப்போகிற பாடத்துக்கான குறிப்பாக இருக்கும். ஒரே பள்ளியில் பல பயிற்சி ஆசிரியர்களைச் சேர்த்து வைப்பதும் வழக்கம். தனியாகத் திணறுவதைவிடப் பக்கத்து அறைக்காரருக்கும் இன்று அதேதான் நடந்தது என்று தெரிவது பெரிய ஆறுதல்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயரும் மாதிரியும் மருத்துவப் பயிற்சியிலிருந்து வந்தவை. படித்து முடித்த மருத்துவர் மருத்துவமனையில் மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகுவது போன்ற ஏற்பாடு ஆசிரியர்களுக்கும் வேண்டும் என்ற கருத்து பழையது. 1960, 70களில் கொலம்பியா, ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற பல்கலைக்கழகங்களில் மத்திய அரசின் பணத்தோடு நடந்த ஓராண்டு முதுகலைக் கற்பித்தல் படிப்புகள் இதற்கு முன்னோடி. இப்போதைய வடிவம் 2001இல் சிகாகோவிலும், 2003இல் பாஸ்டனிலும், 2004இல் கொலராடோவிலும் தொடங்கியது. மூன்று இடங்களிலும் தூண்டுதல் ஒன்றுதான்: கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆகியவற்றுக்கு ஆள் கிடைக்கவில்லை, வருகிறவர்களும் நிற்பதில்லை. 2007இல் இந்தத் திட்டங்கள் சேர்ந்து ஒரு தேசிய வலையமைப்பு உருவானது. 2008இல் உயர்கல்விச் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது ரெசிடென்சிகளுக்கு மத்திய மானியம் வழங்க வழி பிறந்தது. பொருளாதார நெருக்கடியை ஒட்டி 2009இல் வந்த ஊக்கநிதி அதைப் பெரிதாக்கியது. 2010இல் ஆசிரியர் கல்வி அங்கீகார அமைப்பு கூட்டிய நிபுணர் குழு, வகுப்பறைப் பயிற்சியை மையத்தில் வைத்து ஆசிரியர் கல்வியையே தலைகீழாக மாற்றி அமைக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது.

சரி, பலன் என்ன? ஆய்வுகள் சொல்வது விளம்பரத் தாள்களில் இருப்பதைவிடச் சிக்கலானது. பாஸ்டன் திட்டத்தைப் பற்றி 2012இல் வந்த ஆய்வு இதில் முக்கியமானது. அங்கே பயிற்சி பெற்றவர்களில் ஐந்தாம் ஆண்டிலும் அந்த மாவட்டத்தில் நீடித்தவர்கள் 75 சதவீதம், மற்ற புதிய ஆசிரியர்களில் 51 சதவீதம். இது பெரிய வித்தியாசம். அமெரிக்காவில் புதிய ஆசிரியர்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பது ஆய்வாளர் ரிச்சர்ட் இங்கர்சால் குழுவின் கணக்கு. ஆனால் அதே பாஸ்டன் ஆய்வில், ரெசிடென்சி முடித்தவர்கள் தொடக்கத்தில் கணிதம் கற்பிப்பதில் மற்ற புதியவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். பிறகு வேகமாக முன்னேறி, நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் மூத்த ஆசிரியர்களையே தாண்டினார்கள். மத்திய மானியம் பெற்ற திட்டங்களைப் பார்த்த இன்னொரு ஆய்விலும் மாணவர் மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மாவட்டத்தில் நிலைப்பதில் மட்டும் இடைவெளி இருந்தது: ரெசிடென்சி முடித்தவர்களில் 82 சதவீதம், மற்றவர்களில் 72 சதவீதம்.

ஆக, ஓராண்டுப் பயிற்சி முதல் நாளிலேயே ஒருவரைச் சிறந்த ஆசிரியராக்கிவிடுவதில்லை. வேலையில் நிற்கவைக்கிறது, நின்றவர் வளர நேரம் கிடைக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் ஒவ்வோர் ஆண்டும் புது முகம் வருவதும் போவதுமாக இருப்பதுதான் பெரிய துயரம். அங்கே நான்காம் ஆண்டில் நன்றாகக் கற்பிக்கிற ஒருவர் இருப்பதே அரிது.

இங்கேதான் பலர் கவனிக்காமல் விடுகிற இன்னொரு ஆய்வைச் சொல்ல வேண்டும். மேத்யூ ரான்ஃபெல்ட்டும் மிஷெல் ரைனிங்கரும் சிகாகோவில் செய்து 2012இல் வெளியிட்டது அது. பயிற்சியின் நீளம், தரம் இரண்டில் எது முக்கியம் என்று பார்த்தார்கள். நீளத்தைக் கூட்டுவதால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. தரம் கூடியபோதுதான் புதிய ஆசிரியர்கள் தங்களைத் தயாரானவர்களாக உணர்ந்தார்கள். ஓராண்டு என்ற எண்ணுக்குத் தனியாக எந்த மந்திர சக்தியும் இல்லை. மோசமான ஏற்பாட்டில் பத்து மாதம் இருப்பது மோசமான ஏற்பாட்டில் பத்து வாரம் இருப்பதைவிட நல்லது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

தரம் என்றால் முதலில் வழிகாட்டி ஆசிரியர். டென்னசியில் நடந்த ஆய்வுகளில், மாணவர்களைத் திறமையாகக் கற்கவைக்கும் ஆசிரியரிடம் பழகியவர்கள் பின்னால் தாங்களும் திறமையாகக் கற்பித்தார்கள் என்று தெரிந்தது. ஆனால் நன்றாகக் கற்பிப்பதும் நன்றாகக் கற்பிக்கக் கற்பிப்பதும் ஒன்றல்ல. முப்பது ஆண்டு அனுபவமுள்ளவருக்குத் தன் முடிவுகள் பழக்கமாகிப்போயிருக்கும். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், “தோணுச்சு, செஞ்சேன்” என்பார். அவரால் தன் யோசனையைப் பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். தன் வகுப்பு இன்னொருவர் கையில் கொஞ்சம் தடுமாறுவதைப் பொறுத்துக்கொள்ளவும் முடிய வேண்டும். இரண்டாவது இன்னும் கடினம். பயிற்சி ஆசிரியர் தடுமாறிய அந்த நொடியிலேயே எழுந்து வந்து பாடத்தை எடுத்துக்கொள்கிற வழிகாட்டியிடம் யாரும் எதையும் கற்க முடியாது.

அதனால் நல்ல திட்டங்கள் வழிகாட்டிகளை விண்ணப்பம் வாங்கி, வகுப்பைப் பார்த்து, தேர்ந்தெடுக்கின்றன. அவர்களுக்கும் பயிற்சி கொடுக்கின்றன, தனி ஊதியம் கொடுக்கின்றன, வாரத்தில் பேசிக்கொள்ள நேரத்தை அட்டவணையிலேயே ஒதுக்குகின்றன. வழக்கமான முறையில் வழிகாட்டி கிடைப்பது தலைமையாசிரியர் யாரிடம் கேட்டார், யார் மறுக்காமல் இருந்தார் என்பதைப் பொறுத்தே அமைந்துவிடுகிறது. புதியவரை வகுப்பில் விட்டால் பிள்ளைகளின் படிப்பு கெடும் என்ற அச்சம் பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் டான் கோல்ட்ஹேபர் குழு செய்த ஆய்வில், பயிற்சி ஆசிரியரை ஏற்ற ஆண்டில் சராசரியாக மாணவர் மதிப்பெண்ணில் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. பின்வந்த ஆண்டுகளில் வழிகாட்டியின் வகுப்பில் சிறு முன்னேற்றம்கூட இருந்தது. அடுத்தவருக்கு விளக்கிச் சொல்லும்போது தன் வேலையும் தெளிவடைகிறது என்பதுதான் இதற்குக் காரணமாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

அதே குழுவின் இன்னொரு ஆய்வு பள்ளியைத் தேர்வதைப் பற்றியது. பயிற்சி பெற்ற பள்ளியும் பிறகு வேலை செய்யும் பள்ளியும் மாணவர் பின்னணியில் ஒத்திருந்தால் ஆசிரியர் நன்றாகச் செய்கிறார். நியூயார்க் தரவுகளை வைத்து ரான்ஃபெல்ட் செய்த ஆய்வில், ஆசிரியர்கள் அடிக்கடி விட்டுப் போகாத பள்ளியில் பயிற்சி பெற்றவர்கள் தாங்களும் வேலையில் நின்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தேட வேண்டிய இடம் தெளிவாகிறது: ஏழைப் பிள்ளைகள் படிக்கிற, ஆனால் ஆசிரியர்கள் விரும்பித் தங்கியிருக்கிற பள்ளி. அப்படிப்பட்ட பள்ளிகள் குறைவு. ரெசிடென்சியை ஒரே ஆண்டில் மூன்று மடங்காக்குவோம் என்று மாநிலங்கள் அறிவிக்கும்போது எனக்குக் கவலை வருவது இதனால்தான். பணம் ஒதுக்கினால் இடங்கள் கூடும், நல்ல வழிகாட்டிகள் அதே வேகத்தில் கூடமாட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். பத்து மாதம் முழுநேரமாகப் பள்ளியில் இருப்பவர் வேறு வேலைக்குப் போக முடியாது. உதவித்தொகை இல்லாவிட்டால், வீட்டு ஆதரவு உள்ளவர்கள் மட்டுமே இந்த வழிக்கு வர முடியும். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவர், பள்ளி உதவியாளராகப் பத்து ஆண்டு வேலை செய்து ஆசிரியராக விரும்புகிறவர், கல்விக்கடனில் மூழ்கியவர் ஆகியோர் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே பணம் வருகிற குறுக்கு வழிக்குத் தள்ளப்படுகிறார்கள். டெக்சாஸில் 2023-24இல் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உரிமமே இல்லை. அவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. பயிற்சி எடுக்க அவர்களுக்கு வசதி செய்து கொடுக்கப்படவில்லை.

மாநிலங்கள் வெவ்வேறு வழிகளில் முயல்கின்றன. லூசியானா 2016இல் எடுத்த முடிவின்படி, கல்லூரி வழியில் ஆசிரியராகிறவர்களுக்கு ஓராண்டு ரெசிடென்சியைக் கட்டாயமாக்கியது. கலிஃபோர்னியா 2018இல் 7.5 கோடி டாலரும் 2021இல் 35 கோடி டாலரும் ரெசிடென்சி மானியங்களுக்கு ஒதுக்கியது. டென்னசி 2022 ஜனவரியில், கற்பித்தலைத் தச்சு, மின்பணி போன்ற தொழில்களுக்கு இருக்கும் பதிவுபெற்ற தொழிற்பயிற்சிப் பட்டியலில் சேர்க்க மத்திய தொழிலாளர் துறையின் ஒப்புதலைப் பெற்ற முதல் மாநிலமானது. அதனால் தொழிலாளர் திறன் வளர்ச்சிக்கான நிதியையும் ஆசிரியர் பயிற்சிக்குப் பயன்படுத்த வழி கிடைத்தது.

ஆனால் மானியத்தை நம்பியே நடக்கும் திட்டம் மானியம் நின்றதும் விழும். 2025 பிப்ரவரியில் மத்திய கல்வித்துறை ஆசிரியர் பயிற்சிக்கான இரண்டு முக்கிய மானியத் திட்டங்களில் 60 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை ரத்து செய்தது. பன்முகத்தன்மை, சமத்துவம் சார்ந்த கருத்துகளுக்கு அந்தப் பணம் போகிறது என்பது துறை சொன்ன காரணம். எட்டு மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. கீழ் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. வேறு வருமானம் இல்லாமல் பள்ளியாண்டின் நடுவில் நிற்கும் ஒரு பயிற்சி ஆசிரியருக்கு இது என்னவாக இருக்கும் என்பதை முடிவெடுத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு மாற்றாகப் பள்ளி மாவட்டங்கள் தங்கள் சொந்த வரவுசெலவிலேயே இடம் கண்டுபிடிக்கப் பார்க்கின்றன. பயிற்சி ஆசிரியர் வாரத்தில் ஒருநாள், விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வார். அதற்கு வெளியாளுக்குக் கொடுக்கும் பணம் இவருக்கு உதவித்தொகையாகும். உதவியாளர் பணியிடங்களையும் இப்படிப் பயன்படுத்தலாம். நல்ல ஏற்பாடுதான், எல்லை மீறாதவரை. ஆள் பற்றாக்குறை உள்ள பள்ளியில் ஒருநாள் இரண்டு நாளாகும், பிறகு வாரம் முழுவதும் வேறு வகுப்பில் நிற்க வேண்டிவரும். வழிகாட்டியோடு இருக்கும் நேரம்தான் முதலில் காணாமல் போகும். அது போய்விட்டால் ரெசிடென்சியில் மிஞ்சுவது மலிவான உழைப்பு மட்டும்தான்.

இந்த வழியில் சேர நினைப்பவர்கள் உதவித்தொகை எவ்வளவு என்று கேட்கத்தான் செய்வார்கள், கேட்கவும் வேண்டும். அதோடு வழிகாட்டியை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், இருவரும் உட்கார்ந்து பேசும் நேரம் அட்டவணையில் எங்கே இருக்கிறது, மாற்று ஆசிரியராக வாரத்தில் அதிகபட்சம் எத்தனை நாள் அனுப்புவார்கள், அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். போன ஆண்டு முடித்த ஒருவரிடம் பேச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் தொலைபேசி எண் தருகிற திட்டத்தை நான் அதிகம் நம்புவேன். அப்புறம் சொந்த வகுப்பு கிடைத்த முதல் ஆண்டில் பயிற்சியாளர் யாராவது வந்து பார்ப்பாரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்டனில் முதல் ஆண்டுகளில் தெரியாத பலன் நான்காம் ஆண்டில்தான் தெரிந்தது. அதுவரை நிற்பதற்குத் துணை வேண்டும்.